ரிட்டயர் ஆகுற யார்க்‌ஷயர்காரருக்கு எந்த பீர் வாங்கித் தர்றது?

இங்கிலாந்தோட வடக்குல யார்க்‌ஷயர்ங்கிற பகுதியில, லீட்ஸ்ல நர்ஸா இருக்கிற தங்கச்சி ஒருத்தங்க பெரிசா ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க, மத்தவங்களுக்கும் புரியட்டும்னு சுருக்கிச் சொல்றேன். அவங்க வார்டு மேனேஜர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாராம், பக்கா யார்க்‌ஷயர்காரர், "ரியல் ஏல்" பிடிக்கும்ங்கறதைத் தவிர வேற எதுவும் தெரியாது. ஆறு நர்ஸுங்க சேர்ந்து 60 பவுண்டு போட்டிருக்காங்க, ஆறு பேர்ல ஒருத்தர் கூட குடிக்கிறதில்ல. "அண்ணா, சூப்பர் மார்க்கெட்ல கிளாஸோட சேர்த்து ஒரு கிஃப்ட் பாக்ஸ் வருதே அதை வாங்கிடலாமா? இல்ல இந்தியா பேல் ஏல்னு ஒண்ணு இருக்காமே, நாங்க இந்தியாலேருந்து வந்தவங்க, அது பொருத்தமா இருக்குமா?" இதான் கேள்வி.

முதல்ல அந்த கிஃப்ட் பாக்ஸை மறந்துடுங்கம்மா. பாக்ஸ் பெரிசா தெரியும், உள்ள பாத்தா ரெண்டு மூணு சாதாரண பாட்டில், ஒரு கிளாஸ், மிச்சமெல்லாம் அட்டை. அதை விட பெரிய பிரச்சனை, கிறிஸ்துமஸுக்கு அடுக்கினது மார்ச் ஏப்ரல் வரைக்கும் ஷெல்ஃப்லயே கிடக்கும். குடிக்காதவங்க நிறைய பேர் பீரையும் ஒயின் மாதிரி நினைச்சுக்கறாங்க, பழசானா ஒசத்தின்னு. பீர் கீரைக்கட்டு மாதிரி, வந்த சூட்டோட செலவாகணும். நூத்துல அஞ்சாறு தான் ஊறுகாய் ஜாதி, வெச்சு வெச்சு எடுக்கலாம். நீங்க வாங்கும்போது எது கீரை எது ஊறுகாய்னு தெரிஞ்சு வாங்கினா போதும், உங்க மேனேஜர் அசந்துடுவாரு, ஏன்னா குடிக்கிறவங்களே முக்கால்வாசி பேர் அதைப் பாக்கறதில்ல.

இப்ப ரியல் ஏல்னா என்னன்னு பாத்துடலாம், இது தெரியாம கடைக்குப் போனா கடைக்காரர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வர வேண்டியது தான். நம்ம ஊரு டாஸ்மாக்ல பீர்னு விக்கிறதெல்லாம் லாகர் ஜாதி, ஐஸ் மாதிரி ஜில்லுனு, கேஸ் தூக்கலா இருக்கும். ஏல் வேற ரகம், கொஞ்சம் வெதுவெதுப்புல புளிக்க விடுற வேற ஈஸ்ட், அதனால பழவாசனை, பிஸ்கட் வாசனை எல்லாம் வரும். முளைகட்டின பார்லி, தண்ணி, ஈஸ்ட், அப்புறம் ஹாப்ஸ்னு கொடியில காய்க்கிற ஒரு பச்சைப் பூ, கசப்பு அதுலேருந்து தான் வருது. இதுல "ரியல்" எங்க வருதுன்னா, பப்புக்குப் போற பீப்பாயில ஈஸ்ட் உயிரோடயே இருக்கும், நிலவறையில கிடந்து கடைசி கொஞ்சம் அங்கயே புளிச்சு பக்குவமாகும், கேஸ் ஏத்தாம கைப்பிடியை இழுத்து பம்ப் பண்ணித் தருவாங்க. 1960கள்லேருந்து பெரிய கம்பெனிங்க இதையெல்லாம் தூக்கிட்டு ஃபில்டர் பண்ணி கேஸ் ஏத்தின கெக் பீருக்கு மாறினப்போ, அதை எதிர்த்து 1971ல காம்ரான்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, இந்த ரியல் ஏல்ங்கிற பேரைப் பரப்பினதே அவங்க தான். உங்க மேனேஜர் வயசைப் பாத்தா அந்தச் சண்டையைப் பாத்து வளர்ந்த ஆளா இருப்பாரு.

ஆக, அவரு பப்புல குடிக்கிறது பீப்பாயில வர்றது, அதை நீங்க பொட்டலம் கட்டித் தர முடியாது. 5 லிட்டர் மினி கேஸ்க்னு குட்டிப் பீப்பாய் கிடைக்கும், ஆனா திறந்தா சில நாள்ல காலி பண்ணியாகணும், வீட்ல ரெண்டே பேர்னா அது பரிசு இல்ல வேலை. பார்ட்டியே அவரு வீட்ல தான்னா வாங்குங்க. மத்தபடி பீப்பாய்க்குப் பக்கத்துல வர்றது "பாட்டில் கண்டிஷன்டு"னு லேபிள்ல போட்டிருக்கிற பாட்டிலுங்க தான், அதுல உயிரோட ஈஸ்ட் அடியில படிஞ்சிருக்கும்.

இந்த ஈஸ்ட் சமாச்சாரத்தை நான் கத்துக்கிட்ட விதம் கொஞ்சம் கேவலம். வந்த புதுசுல பக்கத்து வீட்டுல ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் தாத்தா இருந்தாரு, பனில என் கார் மாட்டினப்போ மண்வெட்டியோட வந்து தோண்டி எடுத்தவரு. நன்றிக்கு அந்த மாதிரி பாட்டில் ஒண்ணு வாங்கி, முதுகுப் பையில படுக்க வெச்சு, பஸ்ல குலுங்கிக் குலுங்கி கொண்டு வந்து, "இப்பவே குடிங்க"ன்னு நானே திறந்து தலைகீழா கவுத்து ஊத்திட்டேன். கிளாஸ்ல அரிசி கழுவின தண்ணி மாதிரி வந்துச்சு. மனுஷன் ஒண்ணும் சொல்லல, அப்படியே குடிச்சாரு. அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு அவரோட பாட்டில் ஒண்ணை ஜன்னல் பக்கமா வெச்சு ஊத்திக் காட்டினாரு: கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு, பாட்டிலை நடுவுல ஒரு தடவை கூட நிமித்தாம, ஒரே கையோட்டமா, கண்ணு மட்டும் பாட்டில் தோள்பட்டையிலயே இருந்துச்சு, அங்க அந்த மங்கலான கோடு மெதுவா கழுத்துப் பக்கம் ஊர்ந்து வருது, கழுத்தைத் தொட்ட நொடியில சட்டுனு நிறுத்திட்டாரு. பாட்டில்ல ஒரு விரக்கடை மிச்சம். கிளாஸ் தேன் மாதிரி தெளிவா இருந்துச்சு. குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, ருசி மாறும், காட்சி கெடும், அவ்ளோ தான். அதனால இந்த பாட்டிலுங்க வாங்கினா நிமித்தியே தூக்கிட்டுப் போங்க, குடுக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடியே வாங்கி நிக்க வெச்சிடுங்க.

அப்புறம் கண்ணாடி கலர். அழகா இருக்குன்னு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலா பாத்து எடுக்காதீங்க, குறிப்பா ஜன்னலோரம் அடுக்கி வெச்சதை. ஹாப்ஸ்ல இருக்கிற கசப்புப் பொருள்ல வெளிச்சம் பட்டா உடைஞ்சு, கந்தகம் கலந்த ஒரு சமாச்சாரமா மாறிடும், கொஞ்சூண்டு போதும், எரிஞ்ச ரப்பரும் அழுகின வெங்காயமும் சேந்த மாதிரி ஒரு வாடை. பிரவுன் கண்ணாடி பெருமளவுக்குத் தடுக்கும், பச்சை சுமார், வெள்ளை சுத்தமா தடுக்காது, டின்னுக்கு இந்தக் கவலையே இல்ல. நான் ஒரு தடவை ஷோ கேஸ்ல வெயில் காஞ்ச நாலு பாட்டிலை என் வீட்டு ஓனருக்குக் குடுத்து, அடுத்த மாச வாடகை குடுக்கப் போனப்போ மூணு அப்படியே கராஜ்ல நின்னுட்டு இருந்ததைப் பாத்தேன்.

சரி, இப்ப எதை வாங்கறது. யார்க்‌ஷயர்காரருக்கு முதல்ல அவரு ஊரு சரக்கு இருக்கணும். அந்த ஊர்ப் பாசம் நம்ம மதுரைக்காரங்க ஜிகர்தண்டாவைப் பத்திப் பேசற மாதிரி. லண்டன்காரன் பப்புல பீரை நுரையே இல்லாம விளிம்பு வரைக்கும் ஊத்துவான், வடக்க பம்ப் மூக்குல ஸ்பார்க்லர்னு சின்ன ஓட்டை ஓட்டையா ஒரு மூடி மாட்டி டிகிரி காபி மாதிரி கெட்டி நுரையோட தருவாங்க, இதுக்காகவே மணிக்கணக்கா சண்டை போடுவாங்க. அதனால "லண்டன் பிரைட்"னு பேர் போட்ட பாட்டிலை மட்டும் குடுத்துட்டு வந்துடாதீங்க, நல்ல பீர் தான், ஆனா சிரிப்பாங்க.

லீட்ஸ்லேருந்து கிட்டத்துல கீத்லி, அங்க 1858லேருந்து இருக்கிற திமோத்தி டெய்லர் கம்பெனியோட "லேண்ட்லார்டு" கண்டிப்பா ரெண்டு பாட்டில். ஊத்துத் தண்ணியில காய்ச்சறது, கோல்டன் பிராமிஸ்னு ஒரு பார்லி ரகம், பாட்டில்ல ஆல்கஹால் 4.1% தான் இருக்கும். காம்ராவோட சாம்பியன் பீர் பட்டத்தை நாலு தடவை வாங்கினது. பாட்டில்ல வர்றது வடிகட்டினது, பீப்பாய் அளவுக்கு இருக்காதுன்னு அவரே சொல்லுவாரு, சொல்லிட்டே குடிப்பாரு.

அடுத்து மாஷம்னு ஒரு குட்டி ஊரு, வடக்கு யார்க்‌ஷயர்ல. அங்க தீக்ஸ்டன், 1827ல ஆரம்பிச்சது, அவங்களோட "ஓல்டு பெக்கூலியர்" 5.6%, கருஞ்சிவப்பா, உலர்ந்த திராட்சையும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி இருக்கும். இங்கிலீஷ்ல Peculiarனு இல்லாம Peculierனு போட்டிருக்கும், எழுத்துப்பிழைன்னு நினைச்சு கடைக்காரர்கிட்ட கேட்டுடாதீங்க (நான் கேட்டேன்), மாஷத்துக்குத் தனியா ஒரு சர்ச் கோர்ட் இருந்துச்சு, அதோட பேர்லேருந்து வந்தது, லேபிள்ல இருக்கிற முத்திரையும் அந்தக் கோர்ட்டோடது. அதே தீக்ஸ்டன் குடும்பத்துலேருந்து பிரிஞ்சு வந்தவரு ஒருத்தர் 1992ல அதே ஊர்ல "பிளாக் ஷீப்"னு பேர் வெச்சு இன்னொரு புரூவரி போட்டாரு, குடும்பத்துல கறுப்பு ஆடுன்னு தன்னைத்தானே சொல்லிக்கறது. அவங்களோட "ரிக்வெல்டர்" ஒண்ணு எடுங்க. யார்க்‌ஷயர் பேச்சுல, மல்லாக்க விழுந்து எழுந்திரிக்க முடியாம காலை உதைச்சிட்டு கிடக்கிற ஆட்டுக்குத் தான் அந்தப் பேரு. ரிட்டயர் ஆகுற ஆளுக்கு இதை விட என்ன வேணும்.

டாட்காஸ்டரும் லீட்ஸ் பக்கம் தான், அங்க சாமுவேல் ஸ்மித், 1758, யார்க்‌ஷயர்லயே பழசு. கிணத்துத் தண்ணி, ஸ்லேட் கல்லுல செஞ்ச சதுரத் தொட்டி, அவங்க பப்புல ஃபோன் நோண்டக் கூடாதுன்னு ரூல் வேற. ஓட்மீல் ஸ்டவுட் இல்ல டாடி போர்ட்டர், எது கிடைச்சாலும் சரி, ரெண்டும் கறுப்பு ஏல், 5%. இவங்க பாட்டில் நிறைய வெள்ளைக் கண்ணாடி, அதனால ஷெல்ஃப்ல முன்னாடி நிக்கிறதை விட்டுட்டு அட்டைப் பெட்டிக்குள்ள இருக்கிறதை எடுத்துத் தரச் சொல்லுங்க.

இன்னொண்ணு, உங்க டீம்லயே யாராவது "இது வெஜ் தானே"ன்னு கேப்பாங்க, கேக்க வேண்டிய கேள்வி தான். பழைய முறையில ஏலைத் தெளிய வைக்க ஐசிங்லாஸ்னு ஒண்ணு போடுவாங்க, மீனோட காத்துப்பையைக் காய வெச்சு எடுக்கிறது. பீப்பாய் ஏல்ல இன்னைக்கும் நிறைய இடத்துல அது உண்டு. அவரு வீட்ல யாராவது வீகன்னா லேபிளைப் படிச்சுப் பாத்து எடுங்க, மேல சொன்ன சாமுவேல் ஸ்மித் பாட்டிலுங்க பெரும்பாலும் வீகன் சொசைட்டில பதிஞ்சது.

இப்ப உங்க இந்தியா பேல் ஏல் கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்சுது அது. எல்லாரும் சொல்ற கதை, இந்தியாவுக்குக் கப்பல்ல போறப்போ கெடாம இருக்க ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் ஸ்ட்ராங்கா ஹாப்ஸ் ஏத்தி புதுசா கண்டுபிடிச்சாருன்னு. பாதி கதை அது. லண்டன்ல போ பகுதியில ஹாட்ஜ்சன் புரூவரி இருந்தது நிஜம், ஈஸ்ட் இந்தியா கம்பெனி கப்பலுங்க நிக்கிற இடத்துக்குக் கிட்டக்க, கேப்டனுங்க சொந்த வியாபாரத்துக்குச் சரக்கு ஏத்தறதுக்கு அவரு நீண்ட கடன் குடுத்தாரு, அதான் அவரோட சூட்சுமம். ஹாப்ஸ் கூடப் போட்டா நாள் தாங்கும்ங்கறது அதுக்கு முன்னாடியே புரூவர்களுக்குத் தெரிஞ்ச சங்கதி. மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய்ல இருந்த கம்பெனி துரைங்க பேல் ஏல் குடிச்சாங்க, சோல்ஜருங்களுக்குப் போனது நிறைய கறுப்பு போர்ட்டர் தான். ஹாட்ஜ்சன் வகையறா ரொம்ப ஆட்டம் போடவும், 1820கள்ல பர்ட்டன்ங்கிற ஊர்ல பீர் காய்ச்சற ஆல்சாப், பாஸ் எல்லாம் உள்ள பூந்துட்டாங்க. பர்ட்டன் தண்ணியில ஜிப்சம் அதிகம், கசப்பு நறுக்குனு எடுபடும், அதோட மார்க்கெட் அவங்க கைக்குப் போச்சு. அந்த பாஸோட சிவப்பு முக்கோணம் தான் 1876ல பிரிட்டன்ல பதிவான முதல் டிரேட் மார்க்.

அதனால பொருத்தமா இருக்குமான்னு கேட்டா, சூப்பரா இருக்கும், ஆனா பேரை மட்டும் பாத்து எடுக்காதீங்க, ஐபிஏன்னு (இந்தியா பேல் ஏலோட சுருக்கம்) போட்டு நாலு சதவீதம் கூட இல்லாத, பிட்டர்ங்கிற சாதாரண ஏலை விக்கறதும் இங்க வழக்கம். டெர்பிஷயர்ல பேக்வெல்ங்கிற ஊர்ல தார்ன்பிரிட்ஜ்னு ஒரு புரூவரி, 2005லேருந்து "ஜெய்ப்பூர்"னு ஒரு ஐபிஏ போடறாங்க, 5.9%, பேரே உங்களுக்காக வெச்ச மாதிரி. மார்ஸ்டன்ஸ் புரூவரிக்காரங்க 2024ல பழைய பர்ட்டன் யூனியன்ங்கிற மரப்பீப்பாய் வரிசையை நிறுத்தினப்போ அதுல ஒரு செட்டை எடுத்துக் காப்பாத்தினதும் இந்த தார்ன்பிரிட்ஜ் தான், ரியல் ஏல் ஆளுங்களுக்கு இது பெரிய நியூஸ், இதைச் சொல்லிக் குடுத்தீங்கன்னா "உனக்கு எப்படிம்மா தெரியும்"னு கேப்பாரு. கூடவே கார்ன்வால்லேருந்து செயின்ட் ஆஸ்டல் புரூவரியோட "ப்ராப்பர் ஜாப்" ஒண்ணு, அதுவும் ஐபிஏ, பாட்டில் கண்டிஷன்டு, 5.5%. அந்தப் பக்கத்துப் பேச்சுல ப்ராப்பர் ஜாப்னா "வேலையை அம்சமா முடிச்சிட்டப்பா"ன்னு தட்டிக் குடுக்கிறது. வார்டு மேனேஜருக்கு அதுக்கு மேல ஒரு கார்டு தேவையில்ல.

மிச்சக் காசை ஊறுகாய்ல போடுங்க. என் சாய்ஸ் ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல். லண்டன் சிஸ்விக்ல, 1997லேருந்து வருஷம் ஒரு தடவை போடறது, 8.5%, பாட்டில் கண்டிஷன்டு, ஒவ்வொரு பாட்டிலும் தனி அட்டைப்பெட்டியில வருஷம் போட்டு வரும். லண்டன் சரக்குன்னாலும் இதை எந்த யார்க்‌ஷயர்காரரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. 2019ல அந்த புரூவரியை ஜப்பான் கம்பெனி அசாஹி வாங்கிடுச்சு, அதுக்கு முகம் சுளிக்கிறவங்க உண்டு, அது அவங்க அரசியல். ஒரே வருஷத்துப் பாட்டில் ரெண்டு வாங்குங்க, அவரு ரிட்டயர் ஆகுற வருஷமே கிடைச்சா இன்னும் நல்லது. ஒண்ணை இப்ப குடிச்சிட்டு இன்னொண்ணை அஞ்சு வருஷம் கழிச்சுத் திறக்கட்டும். புதுசுல ஆரஞ்சுத் தோல் கசப்பா இருக்கிறது போகப் போக பேரீச்சம்பழம், டாஃபி பக்கம் சாயும். இது கிடைக்கலைன்னா மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸ் கம்பெனியோட "ஹார்வெஸ்ட் ஏல்", 11.5%, சின்ன பாட்டில். கறுப்பு பிடிக்கும்னு தெரிஞ்சா சசெக்ஸ் லூயிஸ் ஊர்ல ஹார்வீஸ் போடற இம்பீரியல் ஸ்டவுட், 9%, ஆனா அது எல்லாருக்கும் இல்ல, சோயா சாஸ், பழைய தோல் பை மாதிரி ஒரு காட்டம், நான் ரெண்டாவது பாட்டில்ல தான் வழிக்கு வந்தேன்.

ஆனா நீங்க நர்ஸ், நான் சொல்லவே வேண்டாம்: 8.5% அரை லிட்டர்னா அதுலயே, ஆல்கஹாலை இங்க அளக்கிற கணக்குல, நாலே கால் யூனிட், வாரத்துக்கு 14க்கு மேல வேண்டாம்ங்கறாங்க. அவரு ஏதாவது மாத்திரை எடுத்து குடியை நிறுத்தியிருக்காரான்னு நைசா யாரையாவது விசாரிச்சுக்கோங்க, அப்படின்னா ஆட்னம்ஸ் கம்பெனியோட "கோஸ்ட் ஷிப்" 0.5%ல வருது, சஃபோக் கடற்கரை ஊரு சௌத்வோல்டுலேருந்து, அந்த ரகத்துல எனக்குத் தெரிஞ்சு ஏல் மாதிரியே இருக்கிறது அது தான்.

கணக்குப் போட்டா, சாதாரண அரை லிட்டர் பாட்டிலுங்க விலை அதிகமில்ல, அதுல ஏழெட்டு, வின்டேஜ் ரெண்டு, எல்லாம் சேந்தும் 60 ஆகாது. மீதியில கைப்பிடி வெச்ச பழைய மாடல் பைன்ட் கிளாஸ் ஒண்ணு வாங்கலாம், இல்லைன்னா அவரு வழக்கமா போற பப்புல காசு கட்டி "இவருக்கு ரெண்டு பைன்ட்"னு சொல்லிட்டு வந்துடுங்க, ஊர்ப் பப்புல கேட்டா பெரும்பாலும் ஒத்துப்பாங்க. சூப்பர் மார்க்கெட்டை விட பாட்டில் ஷாப்னு பீர் மட்டும் விக்கிற கடைக்குப் போங்க, சரக்கு வேகமா ஓடும். பின்னாடி பெஸ்ட் பிஃபோர் தேதி பாருங்க, கீரை ஜாதிக்கெல்லாம் இன்னும் ஆறு மாசமாவது மிச்சம் இருக்கணும். ஐடி எடுத்துட்டுப் போங்க, 25 வயசுக்குக் கீழ தெரிஞ்சா கேப்பாங்க, குடிக்காதவங்க கவுன்டர்ல நின்னு முழிக்கறது எனக்கே நடந்திருக்கு.

பெட்டியில அடுக்கும்போது பாட்டில் நடுவுல பேப்பர் சுத்தி நிமித்தி வைங்க. உள்ள ஒரு துண்டுச் சீட்டு, உங்க கையெழுத்துல: லேண்ட்லார்டு சீக்கிரம் குடிச்சிடுங்க, ப்ராப்பர் ஜாப் ஒரு நாள் நிக்க வெச்சு ஊத்துங்க, ரெண்டாவது வின்டேஜ் மாடிப்படிக்கு அடியில இருட்டுல, அஞ்சு வருஷம் தொடாதீங்க. ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளியில வெச்சுக் குடிக்கணும்ங்கறதை மட்டும் எழுத வேண்டாம், யார்க்‌ஷயர்காரருக்கு அதை நாம சொல்லிக் குடுத்தா கோவிச்சுக்குவாரு.